அடிப்பக்கம்

லியெபாயாவில் ஒரு பள்ளிக்கூடத்தை மூடினார்கள்,
பிள்ளைகள் போதவில்லை என்று.
அதன் விளையாட்டுக் கூடத்துத் தரையை
சதுர மீட்டர் ஆறு யூரோவுக்கு
நானும் க்விதோவும் ஏலத்தில் எடுத்தோம்.
பெயர்க்க எட்டு நாள்.
ஒவ்வொரு ஆணியும்
பல் பிடுங்கும் சத்தத்தோடுதான் வந்தது.

பட்டறையில் இறக்கியபோது
சிவப்பு கைப்பந்துக்கு,
நீலம் கூடைப்பந்துக்கு,
மஞ்சள் எதற்கென்று இருவருக்குமே தெரியவில்லை.
க்விதோ சாக்பீஸில் போட்டுவைத்த வரிசை எண்
கடல்காற்றின் ஈரத்தில் அழிந்துபோயிருந்தது.
தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.
விடு என்றேன்.
சரியாக அடுக்கினால் அது பழைய தரை.
தப்பாக அடுக்கினால்தான் மேசை.

மேசை கேட்டிருந்தவர் நோட்டரி தெக்லா.
பத்துப் பேர் உட்கார வேண்டும்,
கோடு இருக்கலாம், கறை கூடாது.
நீல வளைவு ஒன்று
பாதியில் நின்று
மூன்று பலகை தள்ளி
மஞ்சளாகத் தொடர்ந்தது.
அதை நான் திட்டமிடவில்லை.
திட்டமிட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

பதினேழாவது பலகையைக் கவிழ்த்து
இழைப்பு எந்திரத்தை எடுத்தேன்.
பென்சில் எழுத்து.
தச்சனின் தட்டை முனைப் பென்சில், அழுத்தி:

மூன்று நாள் கூலி பாக்கி.
மேஸ்திரி திருடன்.
ஸிகுர்ட்ஸ், ஏப்ரல் 1971.

வாய்விட்டுச் சொல்ல முடியாத காலம்.
எழுதியிருக்கிறார்.
எழுதியதைக் கவிழ்த்து,
ஆணி அடித்து,
மேலே வார்னிஷும் பூசியிருக்கிறார்.
பூச்சில் ஒரு குறை சொல்ல முடியாது.
நாற்பத்தொன்பது வருஷம்
அந்த மூன்று நாள்மேல்
பந்து குதித்திருக்கிறது.
தோற்றவர்கள் அங்கேயே மல்லாந்து படுத்து
மூச்சு வாங்கியிருப்பார்கள்,
முதுகுக்கும் புகாருக்கும் நடுவே
இரண்டரை சென்டிமீட்டர்.

"தனியா எடுத்துச் சட்டம் போடு.
மேலே ஒரு சின்ன விளக்கு.
கதை இருந்தா இருநூறு கூடப் போகும்."
க்விதோவின் கணக்கு எப்போதும் தப்பாது.
கூலியைத்தான் மேஸ்திரி தின்றான்,
பாக்கியை நாம் தின்போமா
என்று கேட்க நினைத்தேன்.
"கிளாம்பைப் பிடி" என்றுதான் வாய் சொன்னது.

எழுத்து கீழே பார்க்க,
முன்பு இருந்த மாதிரியே
பலகையைப் பொருத்தினேன்.
கால்களுக்குப் பழைய டிராம் தண்டவாளம்.
பிறகு பில் எழுதினேன்.
பலகை, எண்ணெய், இரும்பு, வண்டி வாடகை.
கடைசியாக:
கூலி, மூன்று நாள், ஸிகுர்ட்ஸ்.
ரூபிள் போய் லாட் வந்து
லாட் போய் யூரோ வந்துவிட்டது,
அவருடைய மூன்று நாள் இன்று எவ்வளவு என்று
எந்த வங்கியைக் கேட்பது.
என் மூன்று நாளைப் போட்டேன்,
இருநூற்று நாற்பது.

தெக்லா மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.
"இது என்ன வரி, புதுசா?"
பழையது என்றேன்.
குனிந்து பார்க்கச் சொன்னேன்.
கோட்டும் போட்ட அந்த உடம்போடு
மேசைக்கடியில் நுழைந்தார்.
செல்பேசி வெளிச்சம் கொஞ்ச நேரம் அசைந்தது,
பிறகு அசையவில்லை.
வெளியே தெரிந்தது இரண்டு காலணிகள் மட்டும்.
முழங்காலைத் தட்டியபடி எழுந்தவர்
"தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு" என்றார்,
யாரிடமோ வாதாடுவதுபோல.
பணத்தை எண்ணி வைத்தார்.

அதை வார்னிஷ் டப்பா ஒன்றில் போட்டு
அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.
ஊரில் விசாரித்தேன்.
ஸிகுர்ட்ஸ் என்று பதினோரு பேர்.
ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார்,
ஒருவருக்கு ஆறு வயது,
நான்கு பேர் கல்லறையில்,
தச்சர் என்று எந்தக் கல்லிலும் இல்லை.
மீதிப் பேரை இன்னும் பார்க்கவில்லை.

நேற்று திருகாணி வாங்கச் சில்லறை இல்லாமல்
டப்பாவைத் திறந்தேன்,
எடுக்கவல்ல, எண்ணிப் பார்க்க.
இருபது குறைந்தது.
மூடியைத் திருப்பினேன்.
அடிப்பக்கத்தில், பென்சிலில்:

இருபது பாக்கி. க்விதோ.